நடு வரிசையில் பிரமு

வாங்க தம்பி, பாத்து வாங்க. ரைஸ்மில்லு பாத்தியளா, உமி கெடக்கும், வழுக்கும். அவியளையும் உள்ள வரச் சொல்லுங்க, ஏன் வெயில்ல நிக்காவ? ஒங்க வீட்லதான? வாங்கம்மா, நெழலுக்கு வாங்க.

இன்னா நிக்குது பாருங்க. மூணு வரிசை, ஏழு பேரு தாராளமா உக்காரலாம். வெள்ளைக் கலரு. நாலு வருஷம் ஆச்சு, ஓடினது பதினெட்டாயிரம் கிலோமீட்டருதான். என்ன இம்புட்டு கொறச்சலா இருக்கு, மீட்டர்ல கை வச்சிட்டானோன்னு நெனப்பிய. கையெல்லாம் வைக்கல தம்பி. ஓட்டத் தெம்பு இல்ல, அதான் சங்கதி.

ஏன் விக்கியன்னு கேக்கிய. கேக்கத்தான செய்வாவ. ஒங்களுக்கு முன்னால ரெண்டு பேரு வந்து பாத்துட்டுப் போனாவ. ரெண்டு பேர்ட்டயும் பொய்தான் சொன்னேன். மகன் வெளிநாடு போறான், அவன் இல்லாம வண்டி எதுக்குன்னு. எனக்கு மகனே கெடையாது. ஒரே மக, அவளக் கோயம்புத்தூர்ல கட்டிக் குடுத்தாச்சு. ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. பாத்திரக் கடை வச்சிருக்கவன், நாள் பூரா பேசிப் பேசி வாயில வந்தது வந்துருது. ஒங்ககிட்ட உள்ளதச் சொல்லுதேன். நீங்க வீட்டம்மாவக் கூட்டிக்கிட்டு வண்டி பாக்க வந்திருக்கிய. நான் அப்படி வரல. நான் தனியா வந்து பாத்தேன், தனியாவே முடிச்சேன்.

ஆனா அவளுக்காகத்தான் வாங்கினேன். அத மட்டும் யாரு வந்து கேட்டாலும் சொல்லுவேன்.

எங்க வீட்ல பேரு பிரமநாயகி. பிரமுன்னுதான் கூப்புடுவேன். அவ தங்கச்சி ஆவுடைய ஸ்ரீவைகுண்டத்துல குடுத்திருக்கு. ஆவுடை மாப்பிள்ள குற்றாலிங்கம், எனக்குச் சகலை. அஞ்சு வருஷத்துக்கு முன்னால கல்லிடைக்குறிச்சில எங்க மாமனார் வீட்டு வகையில ஒரு நிச்சயதாம்பூலம். நானும் பிரமுவும் பஸ்ல போய் எறங்கி, மண்டபத்துக்கு நடந்து போறோம். வாசல்ல பாத்தா ஒரு கூட்டம். என்னன்னு எட்டிப் பாத்தா குற்றாலிங்கம் ஒரு பெரிய வண்டில வந்து எறங்கி நிக்கான். மலை மாதிரி வண்டி. சம்பந்தகாரவியள்லாம் அவனச் சுத்தி நின்னுக்கிட்டு, டயரத் தட்டிப் பாக்காவ, கண்ணாடியத் தொட்டுப் பாக்காவ. அந்த வீட்டுக்கு மூத்த மருமகன் நான். என்ன வான்னு சொல்ல ஒரு நாதி இல்ல. பந்தில கூட அவன் எலைக்கு ரெண்டாந்தரம் பாயசம் வந்துது. எனக்கு வரல. நீங்க சிரிக்கிய. எனக்கு அன்னைக்குச் சிரிப்பு வரல.

திரும்பி வரும்போது பஸ்ல பிரமு மொகம் வாடிக் கெடந்துது. தங்கச்சி காருல போறா, நாம இந்தக் கூட்டத்துல நசுங்கிக்கிட்டு வாரோமேன்னு அவளுக்கு மனசுக்குள்ள இருக்காதா? நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன். இவளையும் ஒரு நாளு அப்படிக் கொண்டு போய் எறக்கணும்னு.

இப்போ சொல்லுதா, அன்னைக்குப் புதுச் செருப்பு கடிச்சுதாம். அதான் மொகம் அப்படி இருந்துதாம். அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?

எங்க அப்பா வழி நெலம் ஒண்ணு மானூர் பக்கம் கெடந்துது, அது கைமாறின கையோட வண்டிய எடுத்துட்டேன். அம்பது வயசுக்கு மேல டிரைவிங் படிச்சவன் நான். சின்ன வண்டி போதும்னு மக போன்ல சொன்னா. சின்ன வண்டின்னா குற்றாலிங்கம் வண்டி பக்கத்துல நிறுத்தினா அது எங்கன நிக்குதுன்னு தேடணும். அவன் வண்டிய விட இது ஒரு சாண் ஒசரம். கேட்டுத்தான் வாங்கினேன்.

எங்க வீடு டவுன்ல ஒரு முடுக்குக்குள்ள இருக்கு. ரெண்டு பேரு எதிர எதிர வந்தா ஒருத்தரு செவுத்தோட ஒட்டி நிக்கணும், அப்படி முடுக்கு. வண்டி உள்ள வராதுன்னு தெரியாதான்னு கேப்பிய. தெரியும். தெரிஞ்சுதான் வாங்கினேன். அதுக்குத்தான் இந்த மில்லுல எடம் புடிச்சது. வீட்லேருந்து நடந்தா பத்து நிமிஷம். பிரமுவுக்கு இருவது நிமிஷம் ஆகும், அவளுக்கு ரெண்டு முட்டும் வலி. ஆட்டோ வீட்டு வாசலுக்கே வரும். அத நான் ஒத்துக்கிடுதேன். ஆனா ஆட்டோல போய் கல்யாண வீட்ல எறங்குனா யாரு பாக்கப் போறா?

அவ குள்ளம் வேற. வண்டில கால் எட்டாது. அதுக்கும் நான்தான் வழி கண்டுபிடிச்சேன். நீலக் கலர்ல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலு வாங்கி வண்டியிலயே போட்டு வச்சேன். எங்க போனாலும் நான் எறங்கி, சுத்தி வந்து, கதவத் தொறந்து, ஸ்டூலப் போட்டு, கையப் புடிச்சு எறக்குவேன். கல்யாண வீட்ல வாசல்ல நிக்கவிய அம்புட்டு பேரும் பாப்பாவ. எந்தப் புருசன் தம்பி இந்தக் காலத்துல பொண்டாட்டிக்கு ஸ்டூலு போடுதான்? சொல்லுங்க. அவ என்னடான்னா எறங்கினதும் தலையக் குனிஞ்சுக்கிட்டு விறுவிறுன்னு உள்ள போயிருவா. வலிக்கிற காலோட அம்புட்டு வேகமா எப்படித்தான் போவாளோ. கூச்ச சுபாவம்.

முன் சீட்ல உக்கார மாட்டா. முன்னால ஏசிக் காத்து முட்டுல அடிக்குதுன்னு நடு வரிசைல உக்காந்துக்கிடுவா. கண்ணாடில பாத்தா ஆளு தெரியாது. சீட்டு மண்டைதான் தெரியும்.

நாலு வருஷமும் இப்படித்தான். நான் முன்னால ஓட்டிக்கிட்டுப் பேசிக்கிட்டு வருவேன். அவ பின்னால கேட்டுக்கிட்டு வருவா. பதில் சொல்லுத பழக்கம் அவளுக்குக் கெடையாது. எங்க மாமனார் வீட்ல வளத்த முறை அது. பொம்பள எதிர்த்துப் பேசக்கூடாதுன்னு வளத்திருக்காவ. அதுல எனக்கு அவ மேல மரியாதைதான்.

இனிமே சொல்லப் போறத விக்க நிக்கவன் சொல்லக் கூடாது. சொல்லுதேன்.

எனக்கு இந்த வண்டியக் கண்டா பயம் தம்பி.

வாங்கி நாலாவது மாசம், சந்திப் பிள்ளையார் முக்குல திரும்புதேன். ஒரு பூக்காரி கீழ உக்காந்து பூ கெட்டிக்கிட்டு இருந்திருக்கா. எனக்குத் தெரியல. நீங்க ஏறிப் பாருங்க, முன்னால ஒரு ஆள் ஒசரத்துக்கு மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்கு அங்கிட்டு கீழ என்ன இருக்குன்னு ஒரு எழவும் தெரியாது. சனம் கூவுது. நான் பிரேக்கப் போட்டு எறங்கிப் பாத்தா, அவ பூக்கூடை மேல டயரு ஏறி நிக்குது. அவ காலு கூடைக்கு இந்தப் பக்கம் இருந்துது. ஒரு விரக்கடை. அம்புட்டுதான் வித்தியாசம். அவ என்னத் திட்டக்கூட இல்ல. அப்படியே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா, கையில நூலு மட்டும் இருக்கு. கூடைக்கும் பூவுக்கும் உள்ள ரூவாய நான் குடுத்தேன், அது வேற. அன்னையிலேருந்து சாவியத் தொட்டா உள்ளங்கை வேர்க்கும். ராத்திரி பூரா தூக்கம் வராது, காலைல எங்கயாவது போகணும்னா. டவுனத் தாண்டுற வரைக்கும் மூச்சு விட மாட்டேன். கடைக்கு நடந்துதான் போறேன். கேட்டா ஷுகருக்கு நடக்கச் சொல்லியிருக்காவம்பேன்.

பிரமுவுக்கு இது தெரியாது. ஆம்பள இதப் போய்ச் சொல்லுவானா?

சரி, சொல்லிட்டேன். அந்த நாளுக்கு வாரேன்.

போன மாசம் திருச்செந்தூர்ல ஒரு கல்யாணம். முடிஞ்சு சாப்பிட்டுட்டு பன்னெண்டு மணி வாக்குல கெளம்பினோம். குரும்பூர் தாண்டினதும் ஒரு பெட்ரோல் பங்கு. பாத்ரூம் போகணும்னா. நிறுத்தினேன். எறங்கி, ஸ்டூலப் போட்டு, எறக்கிவிட்டேன். அவ போனா. நான் சீட்டுக்கு வந்துட்டேன். அவ எறங்கின கதவு தொறந்துதான் இருந்துது. அவ வந்து ஏறணும்லா, அதுக்காக.

அந்நேரம் பின்னால ஒரு பஸ்ஸு டீசல் போட உள்ள வருது. என் வண்டி குறுக்க நிக்குது. அவன் ஆரன அடிக்கான் பாத்துக்கிடுங்க, காது கிழியுது. பங்குல வேல பாக்கவரு ஒருத்தரு ஓடி வந்து, அண்ணாச்சி எடுங்க எடுங்கங்காரு. எனக்கு வேர்த்துட்டு. பின்னால பஸ்ஸு, முன்னால ஒரு தண்ணி லாரி, நடுவுல நான். அப்போ டப்புன்னு பின் கதவு அடச்ச சத்தம் கேட்டுது. ஏறிட்டான்னு நெனச்சேன். யாருதான் அப்படி நெனைக்க மாட்டா? எடுத்துட்டேன்.

கதவ அடச்சது அந்தப் பங்கு ஆளு. தொறந்து கெடக்கேன்னு நல்ல எண்ணத்துல அடச்சிருக்காரு. அவரு மேலயும் தப்பு இல்ல. என் மேலயும் தப்பு இல்ல. அப்போ யாரு மேலதான் தப்பு? அதத்தான் நான் ஒரு மாசமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

கேளுங்க. பங்குலேருந்து ஆழ்வார்திருநகரி வரைக்கும் அந்தப் பஸ்காரனத் திட்டிக்கிட்டே வந்தேன். அப்புறம் கல்யாணத்துல குற்றாலிங்கம் என்னப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி போனதச் சொன்னேன். ஸ்ரீவைகுண்டம் வெலக்கு வந்துது. ரோட்டுல ஒரு ஆளு இல்ல, ரெண்டு பக்கமும் வாழை, நல்ல வெயிலு. எனக்கு என்னமோ மனசு எளகிப் போச்சு. ஏன்னு தெரியல. அந்தப் பங்குல வேர்த்த வேர்வை இன்னும் காயல. நான் சொன்னேன்.

“பிரமு, எனக்கு இந்த வண்டிய ஓட்டப் பயமா இருக்குட்டீ”ன்னேன்.

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். பயமா இருக்குன்னு அவகிட்ட நான் ஒரு நாளும் சொன்னதில்ல. எங்க அப்பா செத்தன்னைக்குக்கூடச் சொன்னதில்ல. பூக்காரி கதையச் சொன்னேன். தூக்கம் வராததச் சொன்னேன். ஷுகருக்காக நடக்கலைன்னு சொன்னேன். கண்ணுலேருந்து தண்ணி வந்துட்டு தம்பி. தொடச்சுக்கிட்டே ஓட்டுதேன். எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு, “வித்துருவோமா பிரமு? நீ என்ன சொல்லுத?”ன்னு கேட்டேன்.

பதில் இல்ல.

யோசிக்கான்னு நெனச்சேன். கருங்குளம் வந்துது. மறுபடியும் கேட்டேன். “ஒனக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாம். ஒன் தங்கச்சிக்கு முன்னால ஒனக்குக் கொறச்சலா இருக்கும்னு தெரியும். ஆனா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலாம்லா?”ன்னேன். அதுக்கும் பதில் இல்ல. ரயில்வே கேட்டு மூடியிருந்துது, வண்டி நிக்குது, மூணாந்தடவ கேட்டேன். ம்னு ஒரு சத்தம்கூட இல்ல.

எனக்குக் கோவம் வந்துட்டு. வராதா பின்ன? நெஞ்சத் தொறந்து காட்டிட்டு ஒருத்தன் உக்காந்திருக்கான், இவ கல்லு மாதிரி இருக்கா. அப்போ ஒனக்கு இந்த வண்டிதான் பெருசு, நான் செத்தாலும் பரவாயில்ல, அப்படித்தானன்னு கத்தினேன். கேட்டு தொறந்துது. அங்கேருந்து மில்லு வரைக்கும் ஒரு வார்த்த பேசல. வாழ்க்கைல மொத மொறையா நான் வண்டில பேசாம வந்தது அன்னைக்குத்தான். அவளுக்கு ஒறைக்கட்டும்னு வந்தேன்.

இன்னா, இந்த எடத்துலதான் நிறுத்தினேன். எறங்கினேன். கோவமா இருந்தாலும் ஸ்டூல எடுக்கப் போனேன் பாத்தியளா, அத நீங்க கவனிக்கணும். ஸ்டூலக் காணோம். நடுக் கதவத் தொறந்தேன். சீட்ல அவ கைப்பை இருக்கு. அவ இல்ல.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கடைசி வரிசைலயும் பாத்தேன். சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாத்தேன். ஆளு எங்கயாவது சீட்டுக்கு அடியில இருப்பாளா? புத்தி மழுங்கிட்டு. போனப் போட்டேன். கைப்பைக்குள்ள மணி அடிக்குது.

ஓடற தண்ணில கால வச்ச மாதிரி ஆயிட்டு எனக்கு. வண்டியத் திருப்பணும், மில்லு வாசல்ல நெல்லு லாரி நிக்குது. அத நவுத்த அரை மணி நேரம். ஆட்டோ புடிச்சுப் போயிருக்கலாம், அது அப்போ தோணல. ஒரு வழியா வெளிய எடுத்து, எப்படி ஓட்டினேன்னு தெரியாது, பங்குக்குப் போனா, அவ இல்ல. அந்த ஆளு சொன்னாரு, “அக்கா ரொம்ப நேரம் இன்னா இந்த வேப்பமரத்தடியிலதான் ஸ்டூல்ல உக்காந்திருந்தாவ அண்ணாச்சி. ஒங்க நம்பரு தெரியலன்னாவ. ஸ்ரீவைகுண்டம் நம்பரு ஒண்ணுதான் மனப்பாடமாத் தெரியும்னாவ. போன் போட்டுக் குடுத்தேன். ஒருத்தரு ஸ்கூட்டர்ல வந்து கூட்டிக்கிட்டுப் போனாரு”ன்னு.

“அழுதாளா?”ன்னு கேட்டேன்.

“இல்லையே. டீ வாங்கிக் குடுத்தேன், குடிச்சாவ. காத்து நல்லா வருதுன்னாவ”ங்காரு.

என் நம்பரு அவளுக்குத் தெரியாதாம். முப்பத்தோரு வருஷம். தங்கச்சி வீட்டு நம்பரு தெரியுது. சரி, விடுங்க.

ஸ்ரீவைகுண்டம் போனேன். அந்தத் தெரு அகலந்தான், ஆனா தேருக்குப் பந்தக்கால் நட்டிருந்தாவ. வண்டிய முக்குல விட்டுட்டு நடந்து போனேன். வாசல்ல ஸ்கூட்டர் நிக்குது. குற்றாலிங்கத்துக்கிட்ட, எங்கடா ஒன் வண்டின்னு கேட்டேன். சண்டைக்குப் போன எடத்துல மொதல்ல கேட்டது அதத்தான், பாருங்க.

“அத வித்து ரெண்டு வருஷம் ஆச்சே அண்ணாச்சி. ஓட்டி ஓட்டி எனக்கு இடுப்பு ஒடஞ்சு போச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?”ங்கான்.

ரெண்டு வருஷமா நான் யாருக்கு எதுக்க ஓட்டிக்கிட்டு இருந்தேன்?

பிரமு உள்ள ஆவுடையோட உக்காந்து கருவேப்பில உருவிக்கிட்டு இருந்தா. என்னப் பாத்ததும் எந்திரிக்கல. “சாப்பிட்டியளா?”ன்னா. நான், “கெளம்பு, வீட்டுக்குப் போவோம்”னேன். “நான் கொஞ்ச நாளு இங்கன இருக்கேன்”னா. கோவமாச் சொன்னா நான் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். கோவம் இல்ல. ரேசன் கடைக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லுத மாதிரி சொல்லுதா.

வந்துட்டேன். வந்து ரெண்டு நாளு ஓட்டல் சாப்பாடு. மக போன் போட்டு என்னத் திட்டினா. “அம்மாவ விட்டுட்டு வந்தது கூடப் பரவாயில்லப்பா, நாப்பது கிலோமீட்டரு தெரியாம வந்திய பாத்தியளா”ங்கா. நான் சொன்னேன், தெரியாம வரலட்டீ, பேசிக்கிட்டுத்தான் வந்தேன், முக்கியமா ஒண்ணு கேட்டுக்கிட்டு வந்தேன்னு. போன வச்சிட்டா.

போன ஞாயித்துக்கெழமை பஸ்ல போனேன். ஆமா, பஸ்லதான். பிரமு வெளிய வந்து உக்காந்தா. ஆவுடையும் குற்றாலிங்கமும் உள்ள போயிட்டாவ. அவதான் ஆரம்பிச்சா.

“அன்னைக்கு வண்டில என்னமோ முக்கியமாக் கேட்டியளாமே. மக சொன்னா. என்ன கேட்டிய?”

காலி வண்டில அம்புட்டையும் சொல்லிட்டேன். ஒங்கள மொத மொற பாக்கேன், ஒங்ககிட்டயும் சொல்லிட்டேன். அவ மொகத்தப் பாத்துச் சொல்ல வரல.

“வண்டிய விக்கலாமான்னு கேட்டேன்”ன்னேன்.

“அம்புட்டுதானா?”

“அம்புட்டுதான்.”

“வித்தாலும் சரி, விக்காட்டியும் சரி”ன்னா. “அப்போ நீ எதுக்கு வரமாட்டேங்க? நான் என்ன கொற வச்சேன்?”ன்னு கேட்டேன். அதுக்கு அவ சொன்னத நீங்க கேக்கணும்.

“அந்த மரத்தடியில ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தேன் பாத்துக்கிடுங்க. மொதல்ல பயமாத்தான் இருந்துது. பத்து நிமிஷத்துல வந்துருவியன்னு பாத்தேன். வரல. அதுக்கப்புறம் பயம் போச்சு. யாரும் என்கிட்ட எதுவும் பேசல. ரோட்டப் பாத்துக்கிட்டு சும்மா இருந்தேன். இம்புட்டு வருஷத்துல அப்படி நான் இருந்ததே இல்ல. நல்லா இருந்துது.”

வெயில்ல, பெட்ரோல் வாடையில, பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து என்ன தம்பி நல்லா இருக்கும்? சூடு தலைக்கேறிப் பேசுதான்னு நெனச்சேன். அதான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். வீட்டு நெலவரம், ஊரு என்ன சொல்லும், மக வாழ்க்கை, எல்லாத்தையும் வெவரமா எடுத்துச் சொன்னேன். நாலு மணி பஸ்ஸு போயி அஞ்சு மணி பஸ்ஸும் போயிட்டு, அம்புட்டு நேரம் சொன்னேன். கேட்டுக்கிட்டு இருந்தா. கடைசில, “பஸ்ஸுக்கு நேரமாச்சு, பாத்துப் போங்க”ன்னு எந்திரிச்சுப் போயிட்டா. அந்த ஸ்டூலக் கேட்டேன். அது இங்கன இருக்கட்டும்னுட்டா.

அலுத்துப் போச்சு தம்பி. வண்டியக் கண்டாலே அலுப்பா இருக்கு. வித்துட்டா வந்துருவான்னு நெனச்சு விக்கல. அவதான் சொல்லிட்டாள்லா. எனக்கே வேண்டாம். காலைல எந்திரிச்சா இது இங்கன நிக்குதுங்க நெனப்பு வேண்டாம்.

சரி, கதையக் கேட்டுக்கிட்டு நின்னா ஆகுமா? நீங்க ஓட்டிப் பாருங்க. இந்தாங்க சாவி. அம்மா, நீங்க முன்னால உக்காருங்க. அந்தக் கைப்பிடியப் புடிச்சு ஏறுங்க. ஆங். ஒங்களுக்குக் கால் எட்டுது. நான் பின்னால ஏறிக்கிடுதேன்.

அப்பாடி. என்ன ஒசரம் இது. இருங்க தம்பி, எடுக்காதிய, இன்னும் ஏறி முடியல. ஒரு கால வச்சா அடுத்த காலு வர மாட்டேங்கு. ம். உக்காந்துட்டேன். எடுங்க.

நாலு வருஷத்துல நான் இங்கன உக்காந்ததே இல்ல. இன்னைக்குத்தான் மொத தடவ. ரோடு ஒண்ணும் தெரியலையே இங்கேருந்து. ஒங்க சீட்டும் ஒங்க தலையுந்தான் தெரியுது. ஏசிய நாலுல வச்சிருக்கியளா? இந்தப் பக்கம் வரவே மாட்டேங்கு, சத்தம் மட்டும் வருது. புழுங்குது. அம்மா, அந்த ஏசிய இங்கிட்டுக் கொஞ்சம் திருப்புங்க. அம்மா. சரி, இருக்கட்டும்.

மில்லு கேட்டு தாண்டினதும் எடது பக்கம் திரும்புங்க தம்பி. நேரா போனா சந்தை, இந்நேரம் வண்டி நொழையாது. எடது பக்கம்.

எடது பக்கம் தம்பி.

தாண்டிட்டியளே. எடதுன்னு சொன்னேன்லா. சரி, அடுத்த முக்குல திரும்பிக்கிடலாம். அங்கன ஒரு டீக்கடை இருக்கும், அத ஒட்டித் திரும்புங்க. என்ன தம்பி, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வாரேன், நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய? வண்டி புடிக்கலையா? ஸ்டீரிங் கனமா இருக்கா? தம்பி?

தம்பீ!

ஆமா, நான்தான் கூப்பிட்டேன். ரெண்டு மூணு தடவ சொன்னேன், எடது பக்கம் திரும்பச் சொன்னேன். கேக்கலையா? ஏசியத் திருப்பச் சொன்னேன். அதுவும் கேக்கலையா? அம்மா, ஒங்களுக்கும் கேக்கலையா? ஒண்ணுமேவா?

நிறுத்துங்க. ஓரமா நிறுத்துங்க தம்பி. இல்ல, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வண்டி நல்ல வண்டிதான், நீங்க இன்னும் ஓட்டிப் பாருங்க. மில்லுல வாச்மேன்கிட்ட சாவியக் குடுத்துட்டுப் போங்க, நாளைக்குப் பேசிக்கிடலாம். நான் இங்கனயே எறங்கிக்கிடுதேன். நீங்க ஏறி எறங்க வேண்டாம், நானே எறங்குவேன். பஸ்ஸ்டாண்டுக்கு இங்கேருந்து ஆட்டோ இருக்கும். ஸ்ரீவைகுண்டம் போகணும்.

கூட்டிக்கிட்டு வரப் போகல தம்பி. வாரதும் வராததும் அவ பாடு. ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வரணும். நாலு வருஷமா இங்கன உக்காந்து அவ என்கிட்ட என்னமும் சொல்லிக்கிட்டு வந்தாளான்னு கேக்கணும்.